விட்டொழித்தேன் என்றவன்

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘லெபதா’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. பாம்பு சட்டையை உரித்துப் போடுவதற்கும் அதுதான், சினைமாடு கன்று வீசுவதற்கும் அதுதான், சேற்றோடு வந்தவன் பூட்ஸைக் கழற்றி வாசலில் கடாசுவதற்கும் அதுதான். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பன் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, மேற்கு வாசலைப் பார்த்து நின்று, சாத்தானை விட்டொழிக்கிறானே, அங்கேயும் இதே சொல். பேதுரு தன் ஆண்டவரை மறுதலித்ததற்கும் இதே சொல். ஊர் ஒதுக்கிய பெண்ணை ஏசுவதற்குக்கூட இதிலிருந்தே ஒரு வசவு செய்து வைத்திருக்கிறோம். ஒற்றைச் சொல்லை வைத்து இத்தனை காரியம் பார்க்கிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசித்து வாயிலிருந்து விட வேண்டாமா? பஸ் ஓட்டுகிற கவ்ரில் யோசிக்கவில்லை. வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டான்.

கவ்ரில் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். பிஸ்த்ரிட்சா ஆற்றங்கரை ஓரமாக எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ் அவனுடையது மாதிரிதான். வேறு யாரும் அதை ஓட்டி நாங்கள் பார்த்ததில்லை. பாட்டில் வாடை அடிக்கிறவனையும் ஏற்றிக்கொள்வான், கோழிக் கூடையோடு ஓடி வருகிறவளுக்காகவும் நிறுத்துவான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு. கொஞ்சம் பெரிய மனிதர் யாராவது எதிரே வந்துவிட்டால் முதுகெலும்பு கழன்றுவிடும். “டாக்டரைப் பார்த்தா உன் பஸ்ஸே குனிஞ்சு கும்பிடு போடுதேப்பா” என்று ஊரில் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வான். கேலி உண்மை என்பது அவனுக்கும் தெரியும்.

அந்த டாக்டர், மாட்டு டாக்டர் வர்லாம். வேறு பக்கத்து ஆள், சமவெளிக்காரர், எங்கள் மலையடிவாரத்துக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதிகம் பேச மாட்டார். அவருடைய மகனுக்கும் கவ்ரிலின் மகள் ஒதீலியாவுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டர் கழிந்து கல்யாணம். டாக்டர் வீட்டுச் சம்பந்தம். கவ்ரிலுக்கும் அவன் மனைவி அக்லாயாவுக்கும் அந்த வருஷம் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்தாள் சாஃப்தா, கவ்ரிலின் ஒரே தங்கை. அங்கே படுத்த படுக்கையான கிழவர்களுக்குப் பணிவிடை செய்கிற வேலை. இங்கே அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான், ஊருக்கெல்லாம் நல்லவன், அவளை மட்டும் அடித்தவன். அவனை விட்டுவிட்டுப் போனவள் நாற்பது வயதில் திரும்பி வந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. அப்பன் யார் என்று கேட்டதற்கு, “இருக்கான் ஒருத்தன், உங்களுக்கு அறிமுகம் இல்லாதவன்” என்று சொன்னாளாம். அதோடு அந்த வசவு அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அம்மா விட்டுப்போன வீட்டில், ஊருக்கு மேலே, தனியாக இருந்தாள்.

“உன் தங்கச்சி வயித்தப் பாத்தியாய்யா?” என்று அக்லாயா அடுப்பில் மாமலிகாவை, அந்த மக்காச்சோளக் களியை, கிண்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“பாத்தேன்.”

“டாக்டர் வீட்டம்மா பாத்தா என்ன நெனைப்பாங்க? பொண்ணோட அத்தைன்னு அவளக் கொண்டாந்து நடுக்கூடத்துல உக்கார வெப்பியா?”

“நான் எங்கடி உக்கார வெக்கறேன்? அவகூடப் பேசறதே இல்ல.”

“பேசாம இருக்கிறது ஊருக்குத் தெரியணும்ல. கல்யாணம் முடியட்டும், அப்புறம் உன் இஷ்டம். தொட்டில்கூட வாங்கிக் குடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

அக்லாயாவும் கெட்டவள் இல்லை. கல்யாணம் முடியட்டும் என்றாள், அவ்வளவுதான். எத்தனை அநியாயங்கள் இந்த ஒரு வாக்கியத்தை வைத்து நடந்திருக்கின்றன என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு சந்தை நாள். டாக்டரின் ஜீப் ரிப்பேருக்குப் போயிருந்ததால் அவர் பஸ்ஸில் வந்தார். சம்பந்தி பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருக்கிற பெருமையில் கவ்ரில் கியரைக்கூட மெதுவாகத்தான் மாற்றினான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் சாஃப்தா ஏறினாள். அண்ணனைப் பார்த்தாள், அவன் கண்ணாடியைப் பார்த்தான். அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். வண்டி முழுக்க ஊர் ஜனம், சாக்கு மூட்டைகள், நனைந்த கம்பளி வாடை.

டாக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, “சம்பந்தி, பின்னாடி இருக்கிறது உங்க தங்கச்சிதானே? அவங்களுக்கு...” என்று ஆரம்பித்தார்.

முடிக்க விடவில்லை கவ்ரில். தணித்த குரலில் பெரிய மனிதர் கேட்டால் அது குற்றச்சாட்டாகத்தான் இருக்கும் என்று அவனாக முடிவு செய்துகொண்டான். வண்டி பூராவும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

“தங்கச்சியா? அவள நான் விட்டொழிச்சுட்டேன், டாக்டர்.”

எங்களிடம் வேறு வார்த்தையே இல்லையா என்ன? பேச்சு வார்த்தை இல்லை என்று சொல்லியிருக்கலாம். மனஸ்தாபம் என்று சொல்லியிருக்கலாம். சாத்தானுக்கு வைத்திருக்கிற சொல்லை, கோயிலில் சொல்கிற அதே வாய்பாட்டோடு எடுத்து வீசினான். அப்புறம் உருளைக்கிழங்கு வியாபாரி ஒருத்தன், எதிலும் வேடிக்கை பார்க்கிறவன், பின்னாலிருந்து கத்தினான்: “ஒரு தடவ சொன்னா செல்லாதுப்பா கவ்ரில். மூணு தடவ சொல்லணும்.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தனக்குச் சாதகமான சிரிப்பு என்று கவ்ரிலுக்குப் பட்டது. டாக்டர் முன்னால் தான் நல்ல பக்கம் நிற்பதாகப் பட்டது. “விட்டொழிச்சுட்டேன்” என்றான் மறுபடி. “விட்டொழிச்சுட்டேன்.”

“ஊதித் துப்பு இப்ப” என்றான் வியாபாரி. “ஞானஸ்நானத்துல சாமி அதானே சொல்வாரு?”

கவ்ரில் ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, ஊதித் துப்பினான். அப்போது அவன் போட்டிருந்த தோல் ஜாக்கெட் சாஃப்தா இத்தாலியிலிருந்து அனுப்பியது. நானும் அந்த வண்டியில்தான் இருந்தேன். நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

அவள் எழுந்து முன்னால் வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

“இங்கயே நிறுத்துங்க” என்றாள்.

நடுவழி அது. மழை. அவள் வீட்டுக்கு இன்னும் ஏற்றமாக வெகுதூரம் நடக்க வேண்டும். அதையெல்லாம் விட, பிறந்ததிலிருந்து அவள் அவனை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அந்த ‘நிறுத்துங்க’ கவ்ரிலின் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நிறுத்தினான். கதவைத் திறந்துவிட்டான். டாக்டர் இறங்கும்வரை தன் தொப்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். சம்பந்தி நம்மை மெச்சிக்கொண்டார் என்று கவ்ரில் வீட்டில் போய்ச் சொன்னான்.

பனிக்காலத்தில் குழந்தை பிறந்தது. பெண். யாரும் போய்ப் பார்க்கவில்லை, கல்யாணம் முடியட்டும் என்றிருந்தார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஞானத்தகப்பன் வேண்டும். எங்கள் ஊரில் யாரையாவது கூப்பிட்டுவிட்டால் மறுக்கக் கூடாது, மறுத்தால் பாவம். அதனால் ஜனங்கள் அவளைக் கண்டால் கூப்பிட இடம் கொடுக்காமல் வேறு தெருவில் திரும்பிப் போனார்கள். எவ்வளவு பக்தி பாருங்கள்.

ஆனால் அதற்கும் எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. ஆளே கிடைக்காத பிள்ளையை விடியலில் நாற்சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தாய் மறைந்து நிற்பாள். அந்த வழியே முதலில் வருகிறவர் யாராக இருந்தாலும், நிலச்சுவான்தாராக இருந்தாலும் திருடனாக இருந்தாலும், பிள்ளையை எடுக்க வேண்டும். எடுத்தவர் ஞானப் பெற்றோர். கடவுளே அனுப்பிய ஆள் என்று கணக்கு.

எங்கள் நாற்சந்தியில் விடியலில் முதலில் வருவது யார் என்று கடவுளைக் கேட்க வேண்டியதில்லை. கவ்ரிலின் முதல் பஸ்தான். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாஃப்தாவுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு விடியலில் வண்டி திருப்பத்தில் வந்தபோது, விளக்கு வெளிச்சத்தில் வழியோரச் சிலுவையின் அடியில் ஒரு மரத்தொட்டி தெரிந்தது. மாவு பிசைகிற தொட்டி. மேலே ஆட்டுத்தோல் போர்த்தி, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. வாதுமை மரத்துக்குப் பின்னால் ஒரு பாவாடை விளிம்பு. கவ்ரில் அந்தத் தொட்டியை அடையாளம் கண்டுகொண்டான். அம்மாவுடையது. அவள் தன்னிடம் கேட்கிறாள் என்பதும் புரிந்தது. வாயைத் திறக்காமல், ஊரில் யாரும் குறை சொல்ல முடியாத வழியில், கடைசி முறையாகக் கேட்கிறாள். இறங்கி எடுத்துவிட்டால் போதும். பஸ்ஸில் சொன்னதெல்லாம் அடிபட்டுப் போகும்.

வண்டியை நிறுத்தினான். நாற்சந்திக்குக் கொஞ்சம் இப்பாலேயே. விளக்கை அணைத்தான். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தான்.

உள்ளே பால் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள். “என்ன கவ்ரில், இஞ்சின்ல என்ன?”

“சூடாயிடுச்சு.”

“இந்தப் பனியிலயா? எனக்கு மூக்கே விறைச்சுப் போச்சு, உன் இஞ்சினுக்கு மட்டும் எப்படிய்யா சூடாகும்?”

“அங்க ஒரு பிள்ள கெடக்குது பாரு” என்றாள் இன்னொருத்தி, நேராகவே.

“பாத்தேன். நீங்க யாராச்சும் எறங்கி எடுங்களேன்.”

“அது உனக்கு வெச்சதுய்யா. நாங்க தொட்டா ஆகாது.”

அவர்களும் இறங்கவில்லை. எப்படி நியாயம் பேசினாலும் அவர்களும் இறங்கவில்லைதான். கவ்ரில் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, கெடாத இஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். முதலில் வேறு யாராவது கடந்து போகட்டும், ஒரு வண்டி, ஒரு நடைக்காரன், யாராவது, ஆண்டவரே. அதுதான் அவன் செய்த ஜெபம். குழந்தை அழ ஆரம்பித்தது. மகளுக்காக, மகளுக்காக என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அவனுக்கு அவன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஜெபம் பலித்தது. பின்னாலிருந்து ஒரு ஜீப் வந்தது, பஸ்ஸை ஒதுங்கிக் கடந்தது, நாற்சந்தியில் சரக்கென்று நின்றது. மேல்தெருவில் ஒரு பசு கன்று வீசப் போகிறதென்று ஓடிக்கொண்டிருந்த டாக்டர் வர்லாம். கதவைச் சாத்தாமலே இறங்கினார், தொட்டியோடு குழந்தையைத் தூக்கினார், தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். அப்புறம்தான் பஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

“பச்சப் பிள்ள குளிர்ல கெடக்குது. இத்தன பேரு வண்டிய நிறுத்திட்டு என்ன பண்றீங்க?”

அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அவர் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. பெண்களில் ஒருத்திதான் ஜன்னல் வழியாக விளக்கினாள். “எடுத்துட்டீங்க டாக்டர். இனிமே நீங்கதான் ஞானத்தகப்பன். கீழ போட முடியாது.”

“கீழ போடறதுக்கா எடுத்தேன்?” என்றார் அவர். “அம்மா எங்க?”

சாஃப்தா மரத்தின் பின்னாலிருந்து வந்தாள். அவர் கையை முத்தமிட்டாள். பஸ்ஸின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கவ்ரில் பானெட்டை மூடினான். அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முன்னால் ஞானஸ்நானம் நடந்தது. சம்பந்தி ஞானத்தகப்பன் என்றால் கவ்ரிலும் அக்லாயாவும் போகாமல் இருக்க முடியுமா? போனார்கள். தூணோரமாக நின்றார்கள். இசிதோர் பாதிரியார் டாக்டரை மேற்கு வாசல் பக்கம் திருப்பி நிறுத்தி, “சாத்தானை விட்டொழிக்கிறாயா?” என்று கேட்டார். விட்டொழிக்கிறேன், என்றார் டாக்டர். மூன்று முறை. பிறகு, “விட்டொழித்தாயா?” மூன்று முறை. விட்டொழித்தேன், விட்டொழித்தேன், விட்டொழித்தேன். பழக்கமில்லாத மனிதர், ஒவ்வொன்றையும் நிதானமாக, அர்த்தத்தோடு சொன்னார். ஒவ்வொரு முறைக்கும் சுற்றியிருந்தவர்களில் யாராவது ஒருவர் கண் தூணோரம் போய் வந்தது. ஊதித் துப்பச் சொன்னபோது கவ்ரில் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான். தலை நிமிரவில்லை.

விருந்தில் துய்க்கா சாராயத்தை ஊற்றிக்கொண்டு டாக்டரே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சம்பந்தி, மனசுல வெச்சுக்காதீங்க. உங்க குடும்பத் தகராறுல நான் தலையிட நெனைக்கல. பிள்ள குளிர்ல கெடந்துச்சு, எடுத்தேன்.”

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்.”

“அன்னைக்கு பஸ்லயும் நான் அதுக்குத்தான் கேட்டேன். என் பையன் கெடந்த தொட்டில் பரண்ல சும்மா கெடக்குது. உங்க தங்கச்சிக்கு வேணுமான்னு உங்க மூலமா கேக்கலாம்னு பாத்தேன். எங்க வீட்டுக்காரிதான் சொன்னா, கல்யாண வீட்டுல ஒரு பிள்ள இருந்தா நல்லதுன்னு. நீங்க அப்படிச் சொன்னதும், சரி, என்னமோ பெரிய காயம் போலன்னு விட்டுட்டேன்.”

கவ்ரில் கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்தான். தொட்டில். ஒரு தொட்டில் வேண்டுமா என்று கேட்க வந்த மனிதரிடம் அவன் காறித் துப்பிக் காட்டியிருக்கிறான். யாருடைய மரியாதைக்காகத் தங்கையை வீசி எறிந்தானோ, அந்த மரியாதைக்கு அது தேவைப்பட்டிருக்கவே இல்லை. இதற்கு அவர் இவனை இகழ்ந்து நாலு வார்த்தை கேட்டிருந்தாலாவது தாங்கியிருப்பான். அவர் பாவம், கோஸ் இலையில் சுற்றிய சர்மாலேவை இவன் தட்டில் எடுத்து வைத்தார்.

அடுத்த நாளே பாதிரியார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“சாமி, விட்டொழிச்சுட்டேன்னு சொன்னத திருப்பி வாங்கறது எப்படி?”

இசிதோர் பாதிரியார் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். கோடரியைக் கீழே வைக்காமலே, “சாத்தானையா திருப்பிக் கேக்கற?” என்றார்.

“கேலி பண்ணாதீங்க, சாமி.”

“அதுக்குன்னு என்கிட்ட மந்திரம் ஏதும் இல்லடா. விட்டொழிக்கறியான்னு ஒரு கேள்வி இருக்கு, விட்டொழிச்சியான்னு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கப்புறம் அந்த வார்த்தைக்கு வேற ரூபமே கெடையாது. எத்தன பேரு காதுல சொன்னியோ அத்தன பேரு காதுல போயி, அவ என் தங்கச்சின்னு சொல்லு.”

கவ்ரில் தலையை ஆட்டிவிட்டு வந்தான். பஸ்ஸில் சொல்ல வேண்டும் என்று தினம் நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். சாஃப்தா பஸ்ஸில் ஏறினால்தானே? அவள் நடந்து போனாள், இல்லை டாக்டர் ஜீப்பில் போனாள். அவள் இல்லாதபோது சொன்னால் அது சேராது என்று அவனே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். ஒருமுறை அவளைச் சாலையோரம் குழந்தையோடு பார்த்து வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டான். “நான் நடந்தே வந்துக்கறேங்க” என்றாள். கதவை மூடிக்கொண்டு போனான்.

ஈஸ்டர் வந்தது, போனது. கல்யாண நாள். மாப்பிள்ளை வீட்டார் வாத்தியத்தோடு வந்து கூடத்தின் ஒரு பக்கம் நிறைந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நடுவில், டாக்டரின் மனைவி பக்கத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாஃப்தா. ஞான உறவு சாதாரண உறவா? மாப்பிள்ளை வீட்டு மனுஷியாக வந்திருந்தாள். அவள் பிறந்து வளர்ந்த குடும்பத்தின் கல்யாணத்துக்கு எதிர்வரிசையிலிருந்து வந்திருந்தாள். அக்லாயா ஒயினை ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தது போல அவளுக்கும் கொடுத்தாள்.

பெண் வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற சடங்கு உண்டு. பெண் தலையணைமேல் மண்டியிடுவாள். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை என்று ரத்த சம்பந்தம் எல்லாம் எதிரே வரிசையாக உட்காரும். இத்தனை வருஷத்தில் நான் நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்பாள். கல்யாணத்தை முன்னின்று நடத்திய எங்கள் ஊர்த் தபால்காரருக்குக் குரல் பெரிது. அப்பா, அம்மா ஆனதும் அடுத்த நாற்காலியைப் பார்த்தார். காலியாக இருந்தது. ஒதீலியாதான் அதைப் போடச் சொல்லியிருந்தாள், அப்பாவிடம் கேட்காமலே.

“பொண்ணோட அத்தை யாரு?” என்று கூவினார் தபால்காரர். அவருக்குத் தெரியாதா? ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. “கவ்ரில், உன் கூடப் பொறந்தவங்களப் பேரு சொல்லிக் கூப்பிடு.”

கவ்ரில் எழுந்தான். கூடத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். உருளைக்கிழங்கு வியாபாரி இருந்தான். பால் தொழிற்சாலைப் பெண்கள் இருந்தார்கள். டாக்டர் இருந்தார். இதைவிட நல்ல இடம் அவனுக்கு வாய்க்காது. முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது.

“சாஃப்தா” என்றான். “என் தங்கச்சி.”

மூன்று முறை சொல்ல வேண்டும் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு முறைதான் சொன்னான். யாரும் வேடிக்கை பேசவில்லை, உருளைக்கிழங்கு வியாபாரிகூட.

சாஃப்தா குழந்தையை டாக்டரின் மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒதீலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “மன்னிச்சிரு அத்தை” என்றாள், சடங்குக்கு உள்ளதைவிட அதிகமான தடவை. “உன்கிட்ட எனக்கு என்னடி மனத்தாங்கல்? நல்லா இரு” என்று சாஃப்தா அவள் நெற்றியில் முத்தமிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் நெஞ்சு இளகிப்போனது. தபால்காரருக்கும் இளகியிருக்க வேண்டும், சடங்கில் இல்லாததைச் சேர்த்துக்கொண்டார்.

“அப்படியே அண்ணனையும் மன்னிச்சிரும்மா, சாஃப்தா. நல்ல நாளு. நீ யாருன்னு அவன்தான் சொல்லிட்டானே.”

சாஃப்தா நாற்காலியிலிருந்து எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நான் யாருன்னு அவரு சொன்னாரு. அவரு எனக்கு யாருன்னு என்னை இன்னும் யாரும் கேக்கலையே.”

சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போய், குழந்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தபால்காரர் வாத்தியக்காரர்களுக்குக் கைகாட்டினார். கூடத்தில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. கவ்ரிலும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.